பாசிப் பைக்கு எத்தனை சைஸ்?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மகளிர் குழுவாகத் தையல் வேலை செய்கிறோம். கடல்பாசி எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் வலைப்பை தைக்கிறோம். சிலருடைய இடுப்பை அளந்து, சராசரி எடுத்துத்தான் பெல்ட் வைத்தோம். ஆனாலும் பாதிப் பேர் குறை சொல்கிறார்கள். நாலைந்து சைஸ் தைக்கக் கட்டுப்படியாகாது. என்ன செய்யலாம்?

பதில்: சிக்கலே அந்தச் சராசரிதான். அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் அளவுகளை ஆராய்ந்து 1952-ல் அறிக்கை கொடுத்தார். பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருந்தவர் ஒருவர்கூட இல்லை!

அதனால் மிக ஒல்லியானவர், மிகப் பருமனானவர் இருவரையும் முதலில் பிடியுங்கள். வீட்டுச் சேலையில் அளக்காதீர்கள். கடலில் இறங்கும்போது மேலே போடும் சட்டையோடு, நனைந்த பிறகு அளக்க வேண்டும். நைலான் நாடாவும் நனைந்தால் கொஞ்சம் இளகும். பாலியஸ்டர் நாடா அவ்வளவு இளகாது.

எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்ய வேண்டியதில்லை. பையின் வாய் பெரிய கைக்குப் பொருந்தினால் போதும்: விரல்களில் துணி சுற்றி, பிடி நிறைய மரிக்கொழுந்துப் பாசியோடு அந்தக் கை உள்ளே போக வேண்டுமே. ஆழத்துக்குக் கணக்கு நேர் எதிர். குட்டைக் கைக்காரருக்கு அடி எட்டினால் மற்றவர்களுக்கும் எட்டும். இரண்டுக்கும் கூடுதல் செலவே இல்லை.

மாறவேண்டியது பெல்ட் மட்டும். சுற்றளவு 65 முதல் 105 செ.மீ. வரை வருகிறது என்று வையுங்கள். ஒரே பெல்ட் போட்டால் ஒல்லியானவருக்கு 40 செ.மீ. வால் தொங்கும், பாறையில் மாட்டும். 65–88, 82–105 என்று இரண்டாகப் பிரியுங்கள். நடுவில் இருப்பவருக்கு எது கிடைத்தாலும் சரி. நுனியில் வேறு வேறு கலர் நூல் ஓட்டினால் கடையில் குழப்பம் வராது. மிச்ச வாலைச் செருக ஓர் எலாஸ்டிக் வளையமும் வையுங்கள்.

சைஸைவிட எனக்குக் கவலை பக்கிள்தான். வெல்க்ரோ வேண்டாம், மணலும் பாசித் துணுக்கும் அடைத்துப் பிடி விட்டுவிடும். இரும்புப் பக்கிள் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து இறுகிவிடும். பிளாஸ்டிக் கிளிப் பக்கிள், அதுவும் முன்பக்கமாக வையுங்கள். நிறைந்த பை பாறை இடுக்கில் சிக்கினால், துணி சுற்றிய ஒரே கையால் தண்ணீருக்குள்ளேயே கழற்ற முடிய வேண்டும். மொத்தமாகப் பக்கிள் வாங்கும் முன், இதை இடுப்பளவு ஆழத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தடுமாறுகிறார்கள் என்றால் பெரிய பக்கிளுக்கு மாறுங்கள்.