தண்ணி எங்க வருது?

வணக்கம் சார்,

மயிலாடுதுறையில் படித்த காலத்தில் எங்கள் செட்டில் ஒருவனுக்கு ஒரு பெண் பெயரில் நாங்களே கடிதம் எழுதிப் போட்டோம். இஸ்திரி போட்ட சட்டையோடு மணிக்கூண்டு பக்கம் மூன்று மணி நேரம் நின்றான். டீக்கடையிலிருந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் அதை எடுத்துப் போட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறிவிட்டான். இந்தக் காலத்தில் ஏன் எல்லோருக்கும் எல்லாம் புண்படுகிறது? காவிரித் தண்ணி குடித்தவனுக்குக் குசும்பு கூடப் பிறந்ததுதானே?

வி., மயிலாடுதுறை

அன்புள்ள வி.,

குசும்புக்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் பட்டா வாங்கி ரொம்ப நாளாகிறது. 'இந்தக் காலத்தில்' என்று தொடங்கும் கேள்விக்கெல்லாம் நான் பதில் எழுதுவதில்லை. காவிரித் தண்ணி என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் உட்கார்ந்தேன். காவிரித் தண்ணிக்கு மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாளான ஜூன் 12 ஒவ்வொரு வருஷமும் தாண்டும்போது எனக்கு ஒரு விஷயம் நெஞ்சை அறுக்கும்.

என் ஊர் நீடாமங்கலம் பக்கம். காவிரியின் கிளையான வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்புக்கு, அதாவது ஷட்டர் வைத்துத் தண்ணியைப் பிரித்துவிடும் இடத்துக்கு, சைக்கிளில் பத்து நிமிஷம். என் சிநேகிதனுக்குத் தலைஞாயிறு பக்கம், சுத்தக் கடைமடை, தண்ணி கடைசியாகப் போய்ச் சேருகிற இடம். 2002ல் மேட்டூர் ஜூனில் திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தார்கள். தினமும் சாயங்காலம் அவன் எங்கள் தெரு எஸ்டிடி பூத்துக்குப் போன் போடுவான். "தண்ணி எங்கடா வருது?" தலைப்பில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை.

ஒருநாள் நாங்கள் நாலு பேர் பூத்தில் இருந்தோம். எனக்கு நாக்கு துறுதுறு என்றது. "ஷட்டரத் தூக்கியாச்சுடா. நுரையும் செத்தையுமா போவுது, கண்ணால பாத்தேன். விடியறதுக்குள்ள உங்க வாய்க்கால்ல இருக்கும்" என்றேன். ஆற்றில் மணல்தான் கிடந்தது. போனை வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த ராத்திரி அவன் அப்பா தெருவைத் தட்டி எழுப்பி ஆறேழு பேரைச் சேர்த்திருக்கிறார். வாய்க்கால் பூராவும் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்ததாம். தண்ணி வந்து முட்டி நின்றுவிடக்கூடாதே என்று, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அரிவாளும் மண்வெட்டியுமாக விடிய விடிய வெட்டியிருக்கிறார்கள். முடித்துவிட்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்து, மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். வெயில் ஏறியபிறகுதான் எழுந்தார்களாம்.

அதே விளையாட்டை அவன் என்னிடம் காட்ட முடியுமா? எனக்குத்தான் வாசலிலேயே ஆறு. கடைமடைக்காரன் தலைமடைக்காரனிடம் 'தண்ணி வந்துடுச்சு' என்று பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் சொன்னால் அவன் ராத்திரி போகும். விளையாட்டும் நம்மூரில் தண்ணி மாதிரி மேலேயிருந்து கீழேதான் பாய்கிறது ஐயா. மணிக்கூண்டில் நின்றவனிடம் நல்ல சட்டை எத்தனை இருந்தது, உங்களிடம் எத்தனை இருந்தது? அந்த மூன்று மணி நேரம் அவன் என்னவெல்லாம் யோசித்திருப்பான் என்று இத்தனை வருஷத்தில் ஒருதரமாவது கேட்டீர்களா? குழுவில் போட்டுச் சிரிப்பான் வேறு அனுப்பியிருப்பீர்கள். வெட்கமாக இல்லை? எனக்கும் 24 வயதில் இருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு உரிமையாகத் திட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நிஜமாகவே தண்ணி வந்தபிறகு அவன் ஊருக்குப் போனேன். அவன் முகம் கொடுக்கவில்லை. அப்பாதான் திண்ணையிலிருந்து எழுந்து வந்து தோளில் கை போட்டார். "வாங்க தம்பி. உங்க புண்ணியத்துல இந்த வருஷம் வாய்க்கால் கண்ணாடி மாதிரி கெடக்கு. சல்லுனு ஏறிடுச்சு" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அது நக்கலா, நிஜமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்கத் துணிவதற்குள் அவரும் போய்விட்டார்.

சிநேகிதன் இப்போதும் பேசுவான். கல்யாணம் காட்சிக்கு முதல் பத்திரிகை எனக்குத்தான். தண்ணி திறந்தால் மட்டும் எனக்குப் போன் வராது. தலைப்பில் ஷட்டரைத் தூக்கி இறக்கும் லஸ்கர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறான்.