தாய் ஒரு வகை, மகள் ஒரு வகை: கேள்வி பதில்

பதிலளிப்பவர்: தருமபுரியில் பள்ளி மாணவிகளுக்கு மனநல ஆலோசனை வழங்குபவர்

கேள்வி (பாலக்கோடு): மகள் ஓசூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கேட்டால் 'நான் இன்ட்ரோவெர்ட்' என்கிறாள். நோயா?

பதில்: நோய் இல்லை அம்மா. உள்முகம், வெளிமுகம் என்ற பிரிவு ஸ்விஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலால் பரவியது. நீங்கள் நாலு பேரிடம் பேசினால் தெம்பாகிறவர். அவளுக்குத் தனியே இருந்தால்தான் தெம்பு. வாரமெல்லாம் இயந்திரச் சத்தம், இரவில் விடுதிக் கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கியவளிடம் வாசற்படியிலேயே சம்பளக் கணக்குக் கேட்டால் கதவு சாத்தத்தான் செய்யும். ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு களி கிண்டும்போது சட்டியைப் பிடிக்கக் கூப்பிடுங்கள். கை வேலையாக இருக்கும்போது பேச்சு தானாக வரும்.

ஒன்று: கலகலப்பாக இருந்தவள் திடீரென ஒடுங்கி, தூக்கமும் சாப்பாடும் குறைந்தால் வகையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 14416-ஐ அழையுங்கள், மனநல ஆலோசனை இலவசம்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): மகளுக்காக நானே இணையத்தில் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வு (சுபாவத்தை நாலு ஆங்கில எழுத்தால் 16 வகையாகப் பிரிப்பது) எழுதினேன். அவளுக்கு ஐஎன்டிஜே, எனக்கு ஈஎஸ்எஃப்ஜே. ஒத்துவருமா?

பதில்: மகளுக்காக நீங்கள் எழுதினால், மகளைப் பற்றிய உங்கள் எண்ணத்துக்குத்தான் மதிப்பெண் வரும். அவளே எழுதட்டும்.

கேள்வி (ஊத்தங்கரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): ராசி 12, இந்தச் சுபாவ வகை 16. வேறென்ன வித்தியாசம்? நம்மவர்கள் சொல்லாததையா அமெரிக்காக்காரன் சொல்லிவிட்டான்?

பதில்: அமெரிக்காக்காரன் இல்லை ஐயா, இந்தத் தேர்வை அமைத்தது ஒரு அமெரிக்கத் தாயும் மகளும்: காத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். மகள் கட்டிக்கொள்ளவிருந்த மாப்பிள்ளையின் சுபாவம் தங்கள் குடும்பத்தோடு ஒட்டவில்லையே என்ற யோசனைதான் தாயை இதில் இறக்கியது என்பார்கள். ஆக, பொருத்தம் பார்ப்பதில் தொடங்கிய சங்கதிதான்; பாதி வெற்றி உங்களுக்கு.

மீதி எனக்கு. ராசி பிறந்த நேரத்தில் முடிந்துபோகிறது; இது நம் பதிலிலிருந்து வருகிறது, எனவே சோதித்துப் பார்க்கலாம். சோதித்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு அந்த நாலெழுத்து மாறுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து பண்புகளைக் கூடுதல் குறைவாக அளக்கும் முறையை நாடுகிறார்கள்.

அதே ஆசிரியர்: பிறகு எதற்கு இந்தக் கூத்து?

பதில்: ஒகேனக்கல் போக ஒரு வாரம் முன்பே பை கட்டும் தாய், பஸ் ஹாரன் கேட்ட பிறகு துண்டைத் தேடும் மகள். இருவரும் மற்றவர் வேண்டுமென்றே செய்வதாக நினைக்கிறார்கள். அந்தச் சந்தேகம் விலகினாலே சண்டை பாதியாகும். இதற்கு மேல் ஜாதக வழக்கை நான் எடுப்பதாக இல்லை ஐயா.

கேள்வி (அரூர்): எனக்கும் மகளுக்கும் பொருந்துமா?

பதில்: காவேரிப்பட்டணத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): தங்கைக்கு 17 வயது. அம்மா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். அம்மா எந்த வகை என்று தெரிந்தால் பேசிப் பார்ப்பேன்.

பதில்: எந்த வகையாக இருந்தாலும், 18 நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்துவைப்பது குற்றம் தம்பி. இன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவி): அம்மாவை எழுதவைக்க ஆசை. 'பார்ட்டியில் எப்படி நடந்துகொள்வீர்கள்' என்ற கேள்வியிலேயே சிரித்துவிட்டார்.

பதில்: சிரித்தது நியாயம். இப்படிக் கேளுங்கள்: கல்யாண வீட்டில் முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பத் தோன்றுமா, மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரத் தோன்றுமா? பதிலை அம்மா சொல்லட்டும். 'உனக்கு இதுதான்' என்று நீங்களே குறித்துவிடாதீர்கள்.