விழுவது டவரா, டொங்கிளா?

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இரவில் இணையவழியே கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டு, 4ஜி டொங்கிள் செருகிப் பாவிக்கிறேன். பாடம் நடக்கும்போதே இணைப்பு அறுந்துவிடுகிறது. கழற்றிச் செருகினால்தான் மீண்டும் வரும். சும்மா செய்தி வாசிக்கும்போது இப்படி இல்லை. சிம்மையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். புது மொடம் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள், டீச்சர். சிக்னல் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் கழற்றாமலே தானாகத் திரும்பி வந்திருக்கும். ஆகவே என் முதல் சந்தேகம் யூஎஸ்பி பக்கம்தான்.

அதை உறுதிசெய்ய ஒரே ஒரு வேலை. கட்டளை எழுதும் டெர்மினல் சாளரத்தில், கணினியின் உள்செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை, புதுவரிகளைத் தொடர்ந்து காட்டும் டபிள்யூ தெரிவோடு (sudo dmesg -w) ஓடவிட்டு, வழமைபோல் பாடம் நடத்துங்கள். அறுந்த நொடியில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' (USB disconnect) என்று வரி விழுந்தால், கணினியே டொங்கிளைத் தொலைத்துவிட்டது என்று பொருள். அந்த வரி இல்லாவிட்டால் சிக்னலையோ இணைப்பு மென்பொருளையோ பார்க்க வேண்டும். இதைப் பார்க்குமுன் எந்த அமைப்பிலும் கை வைக்காதீர்கள்.

வகுப்பில் மட்டும் ஏன் விழுகிறது? செய்தி வாசிக்கும்போது டொங்கிள் பெரும்பாலும் கேட்கிறது. வகுப்பில் உங்கள் முகத்தையும் குரலையும் ஓயாமல் அனுப்புகிறது. டவர் தூரமாக இருந்தால் இன்னும் உரத்துக் கத்த வேண்டும். 4ஜி கருவி ஒன்று ஏறத்தாழ 200 மில்லிவாட் வரை அலையாக அனுப்பும்; அதற்காக அது உறிஞ்சும் மின்சாரம் அதைப் போலப் பல மடங்கு. யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஅம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. பழைய போர்ட்டும், ஜன்னல் வரை இழுத்த நீண்ட மெல்லிய வயரும் சேர்ந்தால் மின்னழுத்தம் இறங்கி, டொங்கிள் அணைந்து எழும்பும். எழும்பும்போது பல டொங்கிள்கள் முதலில் சீடி டிரைவ் வேடத்தில்தான் வரும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் அதை மொடமாக மாற்ற வேண்டும். அது தவறும்போதுதான் நீங்கள் கழற்றிச் செருக வேண்டியிருக்கிறது.

எனவே வயரை எடுத்துவிட்டு நேரே செருகுங்கள், முடிந்தால் யூஎஸ்பி 3.0 போர்ட்டில். ஜன்னலோரம் வைத்தே ஆக வேண்டுமென்றால், தனி அடப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை ஜன்னலருகில் வைத்து அதில் செருகுங்கள். பல மொடங்களின் விலையைவிட இது மலிவு.

நம்முடைய ஊரில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. டொங்கிளின் முனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா பாருங்கள். ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முலாமே போய்விடும்.

மின்சாரம் சரியாகியும் விழுந்தால், பற்றரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி (TLP) அல்லது பவர்டொப் (PowerTOP) மென்பொருள் போட்டிருக்கிறீர்களா? இவை சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும். சில டொங்கிள்கள் தூங்கினால் சரியாக எழும்புவதில்லை. எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை காட்டும் டொங்கிளின் அடையாள எண்ணை டிஎல்பியின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பழைய வழிகாட்டியைப் பார்த்து டபிள்யூவிடயல் (wvdial) என்ற பழைய இணைப்பு மென்பொருளை நிறுவியிருந்தால் அதை நீக்குங்கள். அதுவும் உபுண்டுவில் மொடத்தைக் கவனிக்கும் மொடம்மனேஜரும் ஒரே போர்ட்டுக்கு அடிபட்டுக்கொள்ளும்.

டிஸ்கனெக்ட் வரியே வராவிட்டால் ஆர்எஸ்ஆர்பி (RSRP) அளவை, அதாவது டவரிலிருந்து வரும் சிக்னலின் பலத்தை, பாருங்கள். ஹுவாவே ஹைலிங்க் வகை என்றால் உலாவியில் 192.168.8.1 பக்கத்தில் பொதுவாகக் கிடைக்கும். -85 டிபிஎம் அருகில் நல்லது. -110க்குக் கீழே போனால் வீடியோ வகுப்புக்குக் கஷ்டம். கொங்கிரீட் தட்டுக்குக் கீழே உள்ள அறையிலிருந்து வெளி விறாந்தைக்கு வந்தாலே இந்த எண் மாறுவதைக் காண்பீர்கள்.

அடப்டர் உள்ள ஹப்பில் செருகி, வேறொரு கணினியிலும் அதே டிஸ்கனெக்ட் வரி விழுந்தால் மட்டும் புது டொங்கிளுக்குக் காசு செலவழியுங்கள்.