குக்கர் விசில் கேட்காத பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

தூத்துக்குடியிலிருந்து மகனோடு வந்திருந்த அம்மாவுக்கு,

அன்று அரை மணி நேரத்தில் பேசி முடிக்க முடியவில்லை, மிச்சத்தை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். பிளஸ் டூ முடித்த பிள்ளையை எதில் சேர்ப்பது, காது கேட்காதவனைச் சென்னையில் தனியாக எப்படி விடுவது.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. அடையாறில் காது கேளாதோருக்கான செயின்ட் லூயிஸ் கல்லூரி இருக்கிறது. இவை தவிர, அரசு மற்றும் அரசு உதவி பெறும் எந்தக் கல்லூரியானாலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, அதாவது யுடிஐடி அட்டை கையில் இருக்கிறது, நல்லது. அதையும், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்த்த பெரா டெஸ்ட் ரிப்போர்ட்டையும் நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிப்பு என்பதைத் தம்பி சொல்லட்டும்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. அன்று தம்பியிடம் "என்ன படிக்க ஆசை?" என்று கேட்டேன், பதில் உங்களிடமிருந்து வந்தது. "சாப்டாச்சா?" என்று சும்மா கேட்டதற்கும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். அப்புறம் ஒரு தாளைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். பேனாவை வாங்கியவர் எழுதுவதற்கு முன்னால் உங்கள் முகத்தைத்தான் பார்த்தார். குறையாகச் சொல்லவில்லை அம்மா, பதினெட்டு வருஷம் அவருக்காக எல்லாரிடமும் பேசிப் பேசி உங்களுக்குப் பழகிவிட்டது, ஆனால் சென்னையில் அவருக்குக் கஷ்டம் வந்தால் காதால் வருவதைவிட இந்தப் பழக்கத்தால் வருவதுதான் அதிகமாக இருக்கும்.

நீங்கள் பயந்தது குக்கருக்கு. விசில் கேட்காமல் அடுப்பில் விட்டுவிடுவான் என்றீர்கள். காது கேளாதவர்கள் தனியாகச் சமைக்கிற வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள், யாரும் விசிலை எண்ணுவதில்லை. ஆவி வந்ததும் வெயிட்டைப் போட்டு, அது முதல் தடவை தூக்குவதைக் கண்ணால் பார்த்து, தீயைக் குறைத்துவிட்டு, போனில் டைமர் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். போன் அதிர்ந்தால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். மோட்டார் போடும்போதும், பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும்போதும் இதே வழிதான். காலையில் எழுந்திருக்கத் தலையணைக்கு அடியில் வைக்கிற அதிர்வு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. ராத்திரி காது மெஷினைக் கழற்றிவிடுவார் இல்லையா, அதனால் அது கட்டாயம் வேண்டும். காலிங் பெல் அடித்தால் விளக்கு எரிகிற மாதிரி ஒரு எலக்ட்ரீஷியனே செய்து தந்துவிடுவார்.

போனில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலியைப் போட்டுக் கொடுங்கள். எதிரே இருப்பவர் தமிழில் பேசினால் திரையில் எழுத்தாக வரும். சந்தை இரைச்சலில் சொதப்பும், மருந்துக் கடையிலும் பேங்க் கவுண்டரிலும் நன்றாகவே உதவும். பார்சல் கொண்டு வருகிறவர் போன் அடித்து அடித்து எடுக்கவில்லை என்று திரும்பிப் போவது தினசரித் தொல்லை, அதனால் முகவரியிலேயே "காது கேட்காது, மெசேஜ் அனுப்பவும்" என்று சேர்த்துவிடச் சொல்லுங்கள். கூச்சப்படுவார். இரண்டு பார்சல் திரும்பிப் போனால் கூச்சம் போய்விடும்.

பேங்க் கணக்கில் தம்பியின் நம்பரையே கொடுங்கள். உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு ஓடிபி வரும்போதெல்லாம் அவருக்கு நீங்கள் அனுப்பிக்கொண்டிருந்தால் அவர் எப்போது கற்றுக்கொள்வார்?

தங்குவதற்கு முதல் வருஷம் ஹாஸ்டல் போதும். சைகை மொழி தெரிந்த நாலு பேரோடு இருந்தால் ஆறு மாதத்தில் நீங்கள் பார்த்திராத ஒரு பிள்ளையைப் பார்ப்பீர்கள், வாயாடுவார், கையால். இந்த இடத்தில் ஒன்று கேட்கிறேன், உங்களுக்குச் சைகை மொழி எவ்வளவு தெரியும்? டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கிறது, யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். அவர் ஊருக்கு வரும்போது "சாப்பிடு, தூங்கு, படி" தாண்டிப் பேச ஏதாவது இருக்க வேண்டாமா?

வேலைக்கு வருவோம். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தவர்களுக்கு. அதை மட்டும் நம்பி வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார வைக்காதீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் முப்பது வயதை எட்டிவிடுகிறார்கள். லெமன் ட்ரீ ஹோட்டல்களில் காது கேளாதவர்கள் வேலை பார்க்கிறார்கள், சென்னையில் வி-ஷேஷ் என்ற நிறுவனம் பயிற்சி தந்து வேலையும் தேடித் தருகிறது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது சட்டம், ஆகவே நேர்காணலுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே மெயில் போடலாம். நேர்காணலுக்குத் துணையாக அப்பாவை அனுப்பாதீர்கள்.

தம்பி எனக்கு எழுதிக் காட்டியது இது: "நான் கம்ப்யூட்டர் பிடிக்கும் சென்னை நண்பர் இருக்கு போக ஆசை அம்மா பயம்." நீங்கள் உடனே "தமிழே சரியா எழுத வராது சார்" என்றீர்கள். சைகை மொழியில் யோசிக்கிறவர்கள் எழுதினால் வேற்றுமை உருபும் விகுதியும் இப்படித்தான் விழுந்துபோகும். அதற்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை. அந்த ஒரு வரியில் படிப்பு, இடம், துணை, தடை நாலும் இருக்கிறது, அரை மணி நேரம் பேசி நான் உங்களிடமிருந்து வாங்க முடியாத தகவல்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை மட்டும் பஸ்ஸில் திருநெல்வேலி போய்வரச் சொல்லுங்கள். ஒரு வேலையும் கொடுங்கள், அல்வா வாங்கி வரட்டும். நீங்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகலாம். ஆனால் கண்டக்டரிடம் "இவனுக்குக் காது கேட்காது, பாத்து இறக்கி விடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் அந்த ஞாயிறு கணக்கில் சேராது, அடுத்த ஞாயிறு மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.