அடியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

கேள்வி: பினாங்கில் வேலை பார்த்த தாத்தா 1930களில் கொண்டுவந்த நீலப் பூ போட்ட பீங்கான் ஜாடி எங்களிடம் இருக்கிறது. அடியில் ஆறு சீன எழுத்துகள். ‘மகா மிங், சுவான்தே ஆட்சியில் செய்தது’ என்று செல்போன் செயலி படித்துச் சொன்னது. 600 வருடப் பழசு, லண்டன் ஏலத்தில் கோடிக்குப் போகும் என்கிறார் ஒரு தரகர். சான்றிதழுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். செயலி சரியாகத்தான் படித்திருக்கிறது, எழுத்துதான் பொய் சொல்கிறது. சுவான்தே என்ற மிங் வம்ச அரசரின் ஆட்சிக்காலமாகக் கணக்கிடுவது 1426 முதல் 1435 வரை. சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜென்னின் சூளைகளில் அவர் பெயரைப் பிற்பாடு நூற்றாண்டுக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் மோசடியும் இல்லை. பழங்காலச் சீன ஓவிய விமர்சகர் சியே ஹே ஓவியத்துக்கு வகுத்த ஆறு விதிகளிலேயே ஒன்று, முன்னோர் படைப்பைப் பார்த்துப் பழகுவது.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். 1677இல், காங்ஷி அரசர் காலத்தில், அரசர் பெயரைப் பாத்திரத்தில் எழுதக் கூடாதென்று உள்ளூர் அதிகாரி தடை போட்டார். உடைந்து குப்பையில் கிடந்தால் அரசருக்கு அவமதிப்பாம்! அதனால் குயவர்கள் பழைய மிங் அரசர்கள் பெயரை எழுதினார்கள், அல்லது நீலத்தில் இரட்டை வட்டம் மட்டும் போட்டார்கள். அப்படிப்பட்ட ஜாடியில் பெயர் பொய், ஆனால் ஜாடி அசல் 17ஆம் நூற்றாண்டு. நல்ல விலையும் உண்டு. உங்களுடையது அதுவாக இருக்கலாம். ஆனால் பினாங்கிலிருந்து வந்ததாக நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 1880க்குப் பிறகு செய்தவை.

ஜாடியைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடிவளையத்தைப் பாருங்கள். பழுப்பு நிறம் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்குவது பழைய தந்திரம். அப்புறம், ‘தே’ என்ற எழுத்து. அசல் சுவான்தே முத்திரையில் அதன் அடியிலுள்ள, ‘இதயம்’ என்று பொருள்படும் எழுத்துறுப்புக்கு மேல் வரவேண்டிய படுக்கைக் கோடு இருக்காது. கோடு இருந்தால் கதை முடிந்தது. இல்லாவிட்டாலும் துள்ளிக் குதிக்காதீர்கள், போலி செய்பவருக்கும் இது தெரியும்.

சரி, தரகர் விஷயம். 100 வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. 600 வருடப் பழசென்று சான்றிதழும் தந்து லண்டனுக்கும் அனுப்புகிறேன் என்பவர் இரண்டில் எதை நிஜமாகச் சொல்கிறார் என்று அவரையே கேளுங்கள். பழசில்லை என்றால் அதையும் தொல்லியல் துறை அதிகாரியிடம் எழுதி வாங்க வேண்டும். அந்த அலைச்சல் முடிவதற்குள் ஜாடிக்கு இன்னும் ஒரு வயது கூடிவிடும்.

பெரிய ஏல நிறுவனங்கள் பலவும் படத்தைப் பார்த்து இலவசமாகவே மதிப்புச் சொல்லும். அடிப்பாகம், வாய், உள்பக்கம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். அதுவரை அடிவளையத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.