அப்பா பெடலை அமுக்கட்டும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 68 வயது. வால்பாறை எஸ்டேட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஜீப் ஓட்டியவர். அவருடைய 1989 மாடல் மஹிந்திரா எம்எம் 540 நாலு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதை ஆஃப்-ரோடு வண்டியாக்கி அவரோடு மலையேற ஆசை. 33 அங்குல மட் டயர், வண்டியை உயர்த்த மூன்று அங்குல லிஃப்ட், சிக்கினால் கயிறு சுற்றி இழுக்க முன்னால் ஒரு வின்ச் என்று திட்டம். கடைசியாக ஓட்டியபோது 50-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் கொஞ்சம் ஆடியது, பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடித்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி. அவரைச் சிரமப்படுத்தாமல் ஒர்க்‌ஷாப்பில் விட்டு முடித்துவிட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். எந்த டயர் வாங்கலாம்?

எஸ்., பொள்ளாச்சி

அன்புள்ள எஸ்.,

டயர், லிஃப்ட், வின்ச் எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை என்பதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய வண்டி இறங்கவும் வேண்டும். இரண்டு மிதியில் பிடிக்கிற பிரேக்கோடு அந்த இறக்கத்தில் அப்பாவை உட்கார வைப்பீர்களா?

33 அங்குல டயரை மறந்துவிடுங்கள். உங்கள் வண்டியின் கம்பெனி டயர் ஏறக்குறைய 29 அங்குல உயரம். சக்கரத்தோடு சுற்றும் டிரம் அதேதான், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ அதேதான், சக்கரம் மட்டும் பெரிதானால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு குறையும். லிஃப்ட் செய்தால் ஆக்ஸில் கீழே தொங்கும்போது பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் விறைத்து இழுபடும். வின்ச் இப்போதைக்கு வேண்டாம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் தடம் விட்டு ஓட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள், அது குற்றம். எஸ்டேட் பாதைக்கும் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

ஒர்க்‌ஷாப் யோசனைதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. இருபது வருடம் மலையில் பெடலை மிதித்த கால் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதைக் கட்டிலில் நீட்ட வைத்துவிட்டு வேறு யாரிடமோ வண்டியை விடப் போகிறீர்கள். பிரேக் வேலை ஒற்றை ஆள் வேலையே இல்லை. ஒருவர் சீட்டில், ஒருவர் வண்டிக்கு அடியில். குனிய முடியாதவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

முதலில் அவரை உட்கார வைத்து மிதிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது மிதியில் பெடல் மேலே வந்து கல் மாதிரி நின்றால், ஷூ டிரம்மிலிருந்து விலகியிருக்கிறது. பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் லைனில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போய்விட்டது. அவர் கால் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

நாலு டிரம்மையும் கழற்றுங்கள். நாலு வருடம் நின்ற வண்டியில், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் துரு குழி போட்டிருக்கும். குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள், ரப்பர் கிட் மட்டும் போட்டால் மறுபடி ஒழுகும். உள்ளே கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ கூடவே கூடாது. ரப்பர் கப் ஊதிப்போய் பிரேக் இறுகிக்கொள்ளும். பிரேக் ஆயிலாலேயே கழுவுங்கள். பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் தரையைத் தொட்டுவிடும்.

பிறகு ஷூ அட்ஜஸ்ட்மெண்ட். சக்கரம் சுற்றாமல் இறுகும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, லேசாக உரசி விடுபடும் வரை பின்னால் தளர்த்துங்கள். பல பேர் இதைச் செய்யாமல், லைனிலிருந்து காற்றை வெளியேற்றும் ப்ளீடிங்கில் இறங்கி, நாள் முழுக்கக் காற்று தேடுகிறார்கள்.

இனி ப்ளீடிங். முந்தின இரவே, ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் நிப்பிள்களில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். ரிங் ஸ்பானர்தான் போட வேண்டும், ஓப்பன் ஸ்பானர் முனையை மழுக்கிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான பின் இடது சக்கரத்தில் தொடங்கி பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். நிப்பிளில் கண்ணாடி போல் தெரியும் ட்யூப், அதன் மறுமுனை பாட்டிலில் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். "அமுக்குங்கப்பா" என்றால் அவர் மூன்று தடவை நிதானமாக மிதித்து, கடைசி மிதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கால் சுற்று திறப்பீர்கள், குமிழ்களோடு ஆயில் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடுங்க" என்று சொல்ல வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை பிரேக் ஆயில் ஊற்றும் ரிசர்வாயரைப் பாருங்கள், வற்ற விடாதீர்கள். முழங்கால் வலித்தால் சக்கரத்துக்குச் சக்கரம் டீ குடித்துச் செய்யுங்கள். அவசரம் யாருக்கு?

ஸ்டியரிங் ஆட்டத்துக்கும் அவர் கால்தான். முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் அப்பாவைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் முன் சக்கரம் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின். முன் சக்கரங்களை இணைக்கும் டை ராட் எண்ட்களையும் ஸ்பிரிங் ஷாக்கிள் புஷ்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஆற்றில் இறங்குவீர்களானால் ஆக்ஸில் மூச்சுவிடும் துளையான ப்ரீதரில் ஹோஸ் மாட்டி இன்ஜின் பக்கம் உயரத்தில் கட்டுங்கள். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். கியர் ஆயில் பால் டீ நிறத்துக்கு வந்துவிடும். கரை ஏறியதும் பெடலை லேசாக மிதித்தபடி மெதுவாக ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள்.

டாட் 3 வகை பிரேக் ஆயில் ஒரு லிட்டர், மூன்றடி ட்யூப், ஒரு ரிங் ஸ்பானர், ஒரு காலி பாட்டில். ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் பின் இடது சக்கரத்தைத் தொடங்கிவிடுங்கள். அதற்கு முன் அப்பாவிடம் போய், "கொஞ்சம் வந்து பெடலை அமுக்குங்கப்பா" என்று கேளுங்கள்.