ஓனிகிரியை, அதாவது முக்கோணமாகப் பிடிக்கும் ஜப்பானியச் சோற்று உருண்டையை, வீட்டில் செய்தால் ஏன் உதிர்ந்துபோகிறது? ஜப்பானியர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள்?

முதலில் அரிசியைப் பாருங்கள். பொன்னியிலோ பாசுமதியிலோ ஓனிகிரி நிற்காது. அவற்றில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம். சோறு பொலபொலவென்று வருவதே அதனால்தான். கோஷிஹிகாரி போன்ற ஜப்பானியக் குட்டை அரிசியில் அது குறைவு, அதனால் ஒட்டும். சூஷிக்குப் போல வினிகர் கலக்காதீர்கள், உப்பு மட்டும் போதும்.

150 கிராம் அரிசிக்குத் தண்ணீர் 200 மில்லி. முதல் கழுநீரை உடனே கொட்டிவிடுங்கள், காய்ந்த அரிசி தவிட்டு வாடையோடு அதை உறிஞ்சிக்கொள்ளும். இன்னும் மூன்று முறை களைந்து நீரை வடித்துவிட்டு, அளந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். குளிர்காலமென்றால் ஒரு மணி நேரம். கஞ்சி வடிக்கக் கூடாது. வெந்ததும் மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் தம்மில் விட்டு, சோற்றை மசிக்காமல் அடியிலிருந்து புரட்டிவிடுங்கள். இதில் மூன்று ஓனிகிரி வரும்.

இனிப் பிடிப்பது. 'நிகிரு' என்றால் பிடிப்பது, பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் பிடிகொழுக்கட்டைக்குக் கொடுக்கும் அழுத்தத்தை இதற்குக் கொடுத்தால் கல்லாகிவிடும். சோறு கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிய சோறு ஒன்றோடொன்று சேராது, பலருக்கும் உதிர்வது இதனால்தான். உள்ளங்கையை லேசாக நனைத்து ஒரு சிட்டிகை உப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் சோற்றில் குழி செய்து, கொட்டை நீக்கிய உமேபோஷியை, அதாவது உப்பில் ஊறிய புளிப்புப் பழத்தை, வைத்து மூடுங்கள். கீழ்க்கை தட்டையாகத் தாங்கட்டும், மேல்கையை ஓட்டுக்கூரை போல மடக்கி மூலையை உருவாக்குங்கள். ஒரு அழுத்து, ஒரு திருப்பு. மூன்று நான்கு முறை போதும். வெளிப்புறம் சேர்ந்திருக்க வேண்டும், கடித்தால் உள்ளே பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். அதுதான் நல்ல ஓனிகிரி. உடனே சாப்பிடாமல் கட்டிக்கொண்டு போவதானால் வெறுங்கை வேண்டாம், பிளாஸ்டிக் தாளில் வைத்துப் பிடியுங்கள். கையிலுள்ள கிருமி சூட்டில் பெருகும்.

மேலே சுற்றும் நோரியின், அதாவது உலர்ந்த கடற்பாசித் தாளின், பளபளப்பான பக்கம் வெளியே இருக்கட்டும். ஆவி அடங்கியபின் சுற்றுங்கள், இல்லையென்றால் தொய்ந்துவிடும். கடை ஓனிகிரியில் நோரிக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருப்பதால்தான் மொறுமொறுப்பு நிற்கிறது. பிரிக்கும்போது 1 என்று போட்ட நாடாவை உச்சியிலிருந்து பின்பக்கம் வரை முழுதாக இழுங்கள். பாதியில் நிறுத்தி மூலைகளை இழுத்தால் நோரி கிழிந்து தாளோடு போய்விடும்.

மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஃப்ரீசர் அல்லாத பகுதியில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் சோறு விறைக்கும். நோரி இல்லாமல் தாளில் இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, மைக்ரோவேவில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் கடையில் வாங்கும்போது கவனியுங்கள். உள்ளே வைக்கும் பூரணத்தில் ஒகாகா என்பது கட்சுவோ மீன் சீவல். கொம்பு என்பது கடற்பாசிதான், ஆனால் அதன் மசாலாவில் மீன் சாறு சேர்ந்திருக்கலாம். உமேபோஷியிலும் கட்சுவோ கலந்த வகை உண்டு. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.